அரியணை வேண்டாம் என்பவளுக்கு அரியணை

அன்பு மகளுக்கு,

உன் நாவலின் கையெழுத்துப் பிரதியை முழுவதும் வாசித்துவிட்டேன். தொலைபேசியில் பேசினால் நீ பாதியிலேயே மறுக்கத் தொடங்குவாய், நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறெங்கோ போய்விடுவேன் என்பதால் கடிதமாக எழுதுகிறேன். நடையைப் பற்றியும் அந்த நீளமான கடற்போரைப் பற்றியும் உன் அம்மா தனியாக எழுதுவாள். எனக்குச் சொல்ல இருப்பது கடைசி அத்தியாயத்தைப் பற்றித்தான். ஆட்சியே வேண்டாம் என்று அரண்மனையை விட்டு ஓடிய உன் இளவரசி, இறுதியில் அதே அரியணையில் அமரலாமா?

அமரலாம் என்றே நினைக்கிறேன். ஆனால் அதற்கு நீ காட்டியிருக்கும் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பதவியை விரும்பாதவரே பதவிக்கு உரியவர் என்று உன் கிழ அமைச்சர் சொல்ல, அவை முழுவதும் தலையசைக்க, அடுத்த பக்கத்தில் முடிசூட்டு விழா நடந்துவிடுகிறது. நீ இங்கே விட்டுச் சென்ற மிகுபுனைவு நூல்களை, ஓய்வுபெற்ற பிறகு ஒவ்வொன்றாக எடுத்து வாசித்துவந்ததில், இந்த வசனத்தை வேறு வேறு அமைச்சர்களின் வாயிலிருந்து பலமுறை கேட்டுவிட்டேன். ஆசை இல்லாதவன் கெடுதல் செய்ய மாட்டான் என்பது கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆசை இல்லாதவன் வேலையும் செய்யாமல் போகலாம் என்பதை ஏனோ எந்த அமைச்சரும் சொல்வதில்லை.

இந்தக் கருத்தின் வேரைத் தேடினால் பிளேட்டோவின் 'குடியரசு' வரை போகலாம். ஆட்சியில் ஆர்வம் குறைந்தவர்கள் ஆளும் நகரமே நன்றாக ஆளப்படும் என்று அதன் ஏழாம் பகுதியில் சாக்ரடீஸ் சொல்கிறார். மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் அந்த இடத்தோடு நூலை மூடிவிடுகிறார்கள். அதே பகுதியில், அந்தத் தயங்கும் ஆட்சியாளர்களுக்கு அவர் விதிக்கும் பயிற்சியையும் சேர்த்துப் படித்தால்தான் விஷயம் விளங்கும்: 10 ஆண்டுகள் கணிதம், 5 ஆண்டுகள் தருக்கம், அதன்பின் 15 ஆண்டுகள் படைத் தலைமை முதலான பொறுப்புகளில் உழைப்பு, இவ்வளவையும் முடித்து 50 வயதை எட்டியவர்களைத்தான் அவர் ஆட்சிக்கு அழைக்கிறார். முதல் பகுதியிலோ, நல்லவன் ஆள மறுத்தால் அவனுக்குக் கிடைக்கும் பெரிய தண்டனை, தன்னைவிடத் தாழ்ந்தவனால் ஆளப்படுவது என்கிறார். வேலை தெரிந்தவனின் தயக்கத்தைத்தான் பிளேட்டோ மெச்சினார். உன் அமைச்சர் பாதிப் பிளேட்டோவைத்தான் படித்திருக்கிறார்.

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையில் உனக்கு மிகப் பிடித்த அரகார்னையே எடுத்துக்கொள். பீட்டர் ஜாக்சனின் படங்களில் வரும் அரகார்ன், தன் முன்னோனான இசில்தூரின் பலவீனம் தன் இரத்தத்திலும் ஓடுகிறது என்று அஞ்சி ஒதுங்கி நிற்பவன். மூன்றாவது படத்தில் எல்ஃப் இனத் தலைவர் எல்ராண்ட் அவன் முன்னோரின் வாளைக் கொண்டுவந்து கையில் கொடுக்கும்வரை அவனுக்கு அரசு ஒரு பாரமாகவே இருக்கிறது. 1954-55இல் டோல்கியன் வெளியிட்ட நாவலில் அவன் அப்படிப்பட்டவன் அல்லன். பிரீ ஊர் விடுதியில் ஹாபிட்டுகள் என்னும் குள்ள மனிதர்களைச் சந்திக்கும்போதே, உடைந்து கிடந்த அந்த வாளை இடுப்பில் சுமந்துகொண்டிருக்கிறான். எல்ராண்டின் இருப்பிடமான ரிவெண்டெல்லை விட்டுப் பயணம் புறப்படுவதற்கு முன்பே அது மீண்டும் வடிக்கப்பட்டுவிடுகிறது. அப்போது அவனுக்கு வயது 87. அதற்குள் வேறு பெயரில் ரோஹன் நாட்டு அரசனிடமும், அரசனில்லாத கோண்டோர் நாட்டின் ஆட்சிப் பொறுப்பாளரிடமும் ஊழியம் செய்திருக்கிறான். ஹாபிட்டுகளின் நாட்டு எல்லையை, அவர்களுக்கே தெரியாமல், நன்றியை எதிர்பாராமல் காத்திருக்கிறான். கோண்டோருக்கும் ஆர்னோருக்கும் அரசனானால்தான் தன் மகளை மணக்கலாம் என்று எல்ராண்ட் விதித்த நிபந்தனையையும் சேர்த்துப் பார்த்தால், அவன் அரசை விரும்பினான் என்பதில் ஐயமே இல்லை. அதனால் அவன்மேல் எனக்கு மதிப்புச் சிறிதும் குறையவில்லை. படத்து அரகார்னைவிட இவனிடம்தான் என் நிலத்தை ஒப்படைப்பேன்.

ஆசை இருந்தும் அவன் அவசரப்படவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். பெரும்போரில் வென்ற அன்று மாலை, கோண்டோரின் தலைநகருக்குள் நுழையாமல் வெளியே கூடாரம் அடிக்கச் சொல்கிறான். காயம்பட்டவர்களைப் பார்க்க வேண்டும் என்று மந்திரவாதி கந்தால்ஃப் வேண்டியபோது, மேலங்கியைப் போர்த்திக்கொண்டு மருத்துவனாகத்தான் முதலில் உள்ளே வருகிறான். முடிசூட்டும் நாளிலும், இவர் அரசராகி நகருக்குள் வரலாமா என்று ஆட்சிப் பொறுப்பாளன் ஃபாரமிர் மக்களைப் பார்த்துக் கேட்கிறான். அவர்கள் ஆம் என்று ஒரே குரலில் சொன்ன பிறகே காரியம் நடக்கிறது. கேட்டது ஒரு சடங்குக்காகத்தான் என்று நீ வாதிடலாம். சடங்காகவேனும் கேட்டார்களே, உன் கதையில் அதுவும் இல்லையே என்பதுதான் என் குறை.

கோண்டோரில் அரசன் இல்லாமலிருந்த கிட்டத்தட்ட ஆயிரம் ஆண்டுகளும் ஆட்சிப் பொறுப்பாளர்கள், வெற்று அரியணையின் அடிப்படிக்கட்டில் போட்ட ஒரு கறுப்புக் கல் இருக்கையிலிருந்து ஆண்டார்கள் என்ற செய்தியைப் படிக்கும்போது, நந்திக்கிராமத்தில் பாதுகையை வைத்துப் பதினான்கு ஆண்டுகள் நாட்டைக் காத்த பரதன் நம்மவர் எவருக்கும் நினைவுக்கு வருவான். பரதன் அரியணையைத்தான் மறுத்தான். அரசு வேலையை ஒரு நாளும் மறுக்கவில்லை. உன் இளவரசி இரண்டையும் சேர்த்து மறுத்துவிட்டுப் போனவள்.

விருப்பமில்லாதவன் ஆண்டால் என்ன ஆகும் என்பதற்கும் உன் அலமாரியிலேயே சான்று இருக்கிறது. ஜார்ஜ் மார்ட்டின் 1996இல் வெளியிட்ட 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' நாவலில் வரும் ராபர்ட் பராத்தியன், போரிட்டு அரியணையைப் பிடித்தவன்தான். பிடித்த பிறகு அதன்மேல் அவனுக்குத் துளியும் பற்று இல்லை. முடியைத் துறந்து, குதிரையும் சம்மட்டியுமாகக் கடல் கடந்து போய்விடக் கனவு கண்டதாக நண்பனிடம் சொல்கிறான். தான் போனால் மகன் ஜாஃப்ரி அமர்ந்துவிடுவானே என்ற அச்சம்தான் தடுத்ததாம். விரும்பாதவனுக்கு முடி என்ற உன் அமைச்சரின் அளவுகோலால் அளந்தால் இவனைவிடச் சிறந்த அரசன் கிடையாது. நடந்ததென்னவோ வேட்டை, குடி, கருவூலத்தில் 60 இலட்சம் பொற்காசுக் கடன். அதே கதையின் தொலைக்காட்சித் தொடர் 2019இல் முடிந்தபோது, ஆள விரும்பாதவரே சிறந்த அரசராக இருக்கலாமே என்று அரசவை ஒற்றர் தலைவன் வேரிஸ் யாருக்காக வாதிட்டானோ அந்த ஜான் ஸ்நோவுக்கு முடி கிடைக்கவில்லை. அது சரி. ஆனால் அவனோடு வளர்ந்த பிரானுக்குக் கொடுத்தபோதும், உனக்கு இது வேண்டாம் என்று எனக்குத் தெரியும் என்று, பிரானை முன்மொழிந்த டிரியன் அதே வாய்ப்பாட்டைத்தான் ஒப்பித்தான். வேறெதற்கு நான் இவ்வளவு தொலைவு வந்தேன் என்று பிரான் திருப்பிக் கேட்டது மட்டும் எனக்குப் பிடித்திருந்தது. அந்த அவையில் உண்மை பேசியவன் அவன் ஒருவன்தான்.

வருவாய்த் துறையில் காலம் கழித்தவன் என்பதால் எனக்கு இதில் ஒரு சாய்வு உண்டு என்பதை நீ அறிவாய். எங்கள் வட்டத்துக்கு வரவே விருப்பமில்லை என்று சொல்லிக்கொண்டு வந்த அதிகாரி ஒருவர், ஜமாபந்தி நாளிலும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். கிராமக் கணக்குகள் மேசையில் அடுக்கப்பட்டிருக்கும், ஒன்றையும் பிரிக்க மாட்டார். பட்டா மாறுதலுக்காக மஞ்சள் பையில் பத்திரத்தையும் கணவரின் இறப்புச் சான்றையும் சுற்றி எடுத்துவந்த கிழவியிடம், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றார். பதவியில் அவருக்குப் பேராசை இல்லை, ஒரு காசு கை நீட்டி வாங்கியவரும் இல்லை. அவருடைய பற்றின்மைக்கு விலை கொடுத்தவள் அந்தக் கிழவி.

கேத்தரின் ஆடிசன் 2014இல் எழுதிய 'தி காப்ளின் எம்பரர்' எனக்கு ஏன் அவ்வளவு பிடித்தது என்று கேட்டாயே, காரணம் இதுதான். வான்கப்பல் விபத்தில் தந்தையும் அண்ணன்மாரும் ஒருசேர மாண்டதால், ஒதுக்கி வளர்க்கப்பட்ட 18 வயது மாயா பேரரசனாகிறான். அவனுக்கும் பதவியில் விருப்பமில்லை. ஆனால் யாரும் அதற்காக அவனைப் புகழ்வதில்லை. புத்தகம் முழுவதும் அவன் மனுக்களைக் கேட்கிறான், கூட்டங்களில் அமர்ந்து புரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறான், அந்த விபத்தில் மாண்ட ஊழியர்களின் இறுதிச் சடங்குக்குத் தானே போகிறான், பெரிய ஆற்றின் குறுக்கே பாலம் கட்டலாமா என்ற திட்டத்தைப் பெரிய மனிதர்களின் எரிச்சலையும் மீறி விவாதத்துக்குக் கொண்டுவருகிறான். முதல் பக்கத்தில் முடியைக் கொடுத்துவிட்டு, அதற்கான தகுதியைச் சம்பாதிக்கும்படி மீதிப் பக்கங்கள் முழுவதும் அவனை வேலை வாங்குகிறார் ஆசிரியர்.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். நீயே எழுதிவிட்டு நீயே மறந்த ஒரு பகுதி உண்டு. தலைமறைவாக இருந்த காலத்தில் உன் இளவரசி துறைமுகச் சுங்கச்சாவடியில் கணக்கெழுதுகிறாள். உப்புப் படகுகளுக்கு இரட்டை வரி விழுவதைக் கண்டுபிடித்து, மேலாளரிடம் சண்டை போட்டு, தோற்றுப்போகிறாள். அவள் ஆளத் தகுந்தவள் என்று நான் நம்பியது அந்த இடத்தில்தான். அந்த உப்பு வரி கடைசி அத்தியாயத்தில் எங்கே போயிற்று? அமைச்சரின் வசனத்தை எடுத்துவிட்டு அவள் கையில் அந்தப் பேரேட்டைக் கொடு. அதைப் பார்த்ததும் அவளுக்கு இந்தப் பதவியின்மேல் சற்று ஆசையே வந்தாலும் வரட்டும், தவறில்லை.

அதோடு, அவள் ஓடிப்போன பிறகு சிற்றப்பனின் படை எரித்த எல்லையோரக் கிராமத்தை ஒரே வரியில் கடந்துவிட்டாய். அவள் மறுத்ததற்கான விலையை அவர்கள்தான் கொடுத்தார்கள். முடிசூட்டு விழாவுக்கு அவர்களில் ஒருத்தியை வரவழைத்து, இவள் அரசியாகலாமா என்று அவளிடம் கேட்க வை. முடியாது என்று அவள் சொல்வதற்கும் இடம் கொடுத்து எழுதிப் பார். அவள் என்ன சொல்வாள் என்று எனக்கே தெரியவில்லை, உனக்கும் எழுதும்போதுதான் தெரியும். திருத்திய அத்தியாயத்தை அச்செடுத்து அனுப்பு, திரையில் வாசிக்கக் கண் ஒத்துழைக்கவில்லை.

அன்புடன்,
அப்பா