நீ கொடுத்த படத்தைப் பார்த்துவிட்டேன்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். நீ, மருமகள், பெரியவன், சின்னக்குட்டி எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் இந்த ஏழு வாரமாக நீ பேசுகிறபோதெல்லாம் போன் என் கைக்கு வருவதற்குள் உனக்கு ஏதாவது வேலை வந்துவிடுகிறது. வேலை இருக்கும், நான் குறை சொல்லவில்லை. அம்மாவிடம் பேசினாலே எனக்குப் போதும்.

ராத்திரியில் கார் ஓட்டாதே. கைக்குழந்தை உள்ள வீட்டில் தூக்கம் இருக்காது. தூக்கம் இல்லாமல் ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கூடாது.

போன வாரம் பீரோவை ஒழித்தபோது அந்த டிவிடி அகப்பட்டது. 'ரிமெம்பர் த டைட்டன்ஸ்'. 2009 பொங்கலுக்கு வந்தபோது நீ கொடுத்தது. 'ஒரு கோச்சைப் பத்தின படம்ப்பா, உங்களுக்குப் பிடிக்கும்' என்று சொல்லிக் கையில் வைத்தாய். கவர்கூடப் பிரிக்காமல் வேட்டிகளுக்கு அடியில் வைத்திருந்திருக்கிறேன். பழைய பிளேயர் இன்னும் ஓடுகிறது. மூன்று தடவை பார்த்துவிட்டேன். மூன்றாவது தடவை அம்மாவும் கூட உட்கார்ந்தாள்.

முப்பத்திரண்டு வருடம் விசில் ஊதியவன் என்பதால் சொல்கிறேன், அந்த ஹெர்மன் பூன் வாத்தியார்தான். டென்சல் வாஷிங்டன் நடிக்கிறார் என்பதே எனக்கு மறந்துவிட்டது. பையன்களைத் தண்ணீர் குடிக்க விடாமல் வதைப்பது மட்டும் தப்பு, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மற்றபடி ஆள் சரியான ஆள். 1971-ல் உங்கள் வர்ஜீனியாவில் இருக்கிற அலெக்சாண்டிரியா ஊரில் மூன்று உயர்நிலைப் பள்ளிகளின் பெரிய வகுப்புகளை ஒரே பள்ளிக்குக் கொண்டுவருகிறார்கள். ஏற்கனவே பேர் வாங்கிய வெள்ளைக்கார அமெரிக்கன் ஃபுட்பால் கோச் பில் யோஸ்ட் இருக்கும்போது, இவரை அவருக்கு மேலே போடுகிறார்கள். சொந்த ஊரிலேயே எனக்கு எத்தனை பேச்சு வந்தது என்று உனக்குத் தெரியும். அந்த மனுஷன் கறுப்பர், வெளியூர்க்காரர், ஒரு ஆட்டம் தோற்றாலும் வேலை போய்விடும். அப்படி இருந்தும் முதல் நாளே பஸ்ஸில் கறுப்புப் பையனையும் வெள்ளைப் பையனையும் கலந்து உட்கார வைக்கிறார். முகாமில் அறையும் அப்படித்தான். ஒவ்வொருவனும் மற்ற நிறத்துப் பையன்கள் எல்லோரிடமும் போய் வீடு, அம்மா, அப்பா எல்லாம் விசாரித்து வந்து சொல்ல வேண்டும், அதுவரை ஒரு நாளைக்கு மூன்று வேளை பயிற்சி என்கிறார்.

படத்தில் கொஞ்சம் மாற்றியிருக்கிறார்களாம், மாடி வீட்டுப் பையன் நெட்டில் படித்துச் சொன்னான். அந்தப் பள்ளியில் அதற்கு முன்பிருந்தே இரண்டு நிறத்துப் பிள்ளைகளும் சேர்ந்துதான் படித்தார்களாம். இறுதி ஆட்டமும் படத்தில் வருகிற மாதிரி இழுபறி இல்லை. ரோனோக் என்ற ஊரில் 27-0 என்று ஜெயித்திருக்கிறார்கள். அந்த வருடம் ஆடிய பதின்மூன்று ஆட்டமும் ஜெயம். தோற்ற பள்ளி எந்த ஊர் தெரியுமா? சேலம். உங்கள் வர்ஜீனியாவிலும் ஒரு சேலம் இருக்கிறதாம். நீ எனக்குச் சொன்னதே இல்லையே.

அந்த வெள்ளைக்கார கேப்டன் பையன் ஜெர்ரி பெர்டியர் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே விளங்காமல் போனது நிஜம். படத்தில் இறுதி ஆட்டத்துக்கு முன்னால் என்று காட்டுகிறார்கள். உண்மையில் சீசன் முடிந்து, விருந்தெல்லாம் நடந்த பிறகு, 1971 டிசம்பரில். அப்புறம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே குண்டு எறிதல் போட்டியில் பதக்கம் வாங்கியிருக்கிறான். அதற்கு அப்புறம் 1981-ல் இன்னொரு கார் விபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான். இரண்டுமே கார். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், பனி விழுகிற நாளில் வண்டியை எடுக்காதே. பெரியவனைப் பின் சீட்டில் உட்கார வை.

பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2008 நவம்பரில், ஒபாமா ஜெயித்து சிகாகோவில் பேசினாரே, இங்கே காலை பத்தரை மணி. நான் ஸ்டாஃப் ரூம் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். பேசி முடித்ததும் குடும்பத்தோடு கையாட்டும்போது ஒரு வாத்திய இசை போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் நீ போன் பண்ணினாய். அங்கே நடுராத்திரி தாண்டியிருக்கும். 'அப்பா, அந்த மியூசிக் கேட்டீங்களா, அது ஒரு கோச் படத்தோட மியூசிக்' என்றாய். உன் குரல் அடைத்திருந்தது. சளி பிடித்திருக்கிறது என்று நினைத்து, தலைக்குக் குளித்துவிட்டு வெளியே போகாதே என்று சொன்னேன். நீ சிரித்துவிட்டு வைத்துவிட்டாய். நீ அப்போது எதை என்னிடம் பகிர்ந்துகொள்ள வந்தாய் என்று இப்போதுதான் புரிகிறது.

அதை இசையமைத்தவர் ட்ரெவர் ராபின் என்று கவரில் போட்டிருக்கிறது. தென்னாப்பிரிக்காக்காரர், ஜோகன்னஸ்பர்க். அவருடைய அப்பா அங்கே சிம்பொனியில் வயலின் வாசித்தவராம். இவர் கிட்டார்காரர், 'யெஸ்' என்ற ராக் குழுவில் இருந்து பேர் வாங்கியவர். வெள்ளைக்காரப் பிள்ளைக்கு ஒரு பெஞ்சு, கறுப்புப் பிள்ளைக்கு ஒரு பெஞ்சு என்று சட்டமே போட்டு வைத்திருந்த ஊரில் வளர்ந்தவர் இந்தக் கதைக்கு இசை போட்டிருக்கிறார். எனக்கு இசை தெரியாது. அணிவகுப்புக்கு டிரம் தட்டச் சொல்லிக்கொடுத்த அளவுதான் தெரியும். ஆனால் அந்த மெட்டு மெதுவாக எழும்பி, டிரம் வந்து சேர்ந்து, எல்லா வாத்தியமும் ஒன்றாகத் தூக்குகிற இடத்தில் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறேன். மூன்று தடவையும் அப்படித்தான் ஆயிற்று. படம் முழுக்க அந்தக் காலத்துப் பாட்டுகள் ஓடுகின்றன, மார்வின் கே பாட்டை எல்லாப் பையன்களும் சேர்ந்து பாடுகிறார்கள். இந்த இசை மட்டும் அவர்கள் வாய்விட்டுச் சொல்ல முடியாத இடத்தில் வருகிற மாதிரி எனக்குப் பட்டது.

கடைசியில் ஜெர்ரியின் சமாதியில் நின்று அவன் கறுப்புத் தோழன் ஜூலியஸ் மெல்ல ஒன்று தொடங்க, எல்லோரும் சேர்ந்து பாடுகிறார்கள். 'நா நா நா, குட்பை' என்கிற பாட்டு. தோற்ற அணியைக் கேலி பண்ணப் பாடுகிற பாட்டாம் அது. அதையே அத்தனை மெதுவாகப் பாடும்போது ஒப்பாரி மாதிரி இருக்கிறது. அம்மா அழுதாள்.

முகாமின் சாப்பாட்டுக் கூடம் வருகிற இடத்தை என்னால் சரியாகப் பார்க்க முடியவில்லை, தம்பி. கறுப்புப் பையன்கள் ஒரு மேசை, வெள்ளைப் பையன்கள் ஒரு மேசை. புதிதாக வந்த குண்டுப் பையன் ஒருவன், வெள்ளைக்காரன், தட்டைத் தூக்கிக்கொண்டு நேராகப் போய் கறுப்புப் பையன்கள் மேசையில் உட்காருகிறான்.

திருச்சிக்குக் கபடி அணியைக் கூட்டிப் போனோமே, நீ ஒன்பதாவது. உன் கூட்டாளி இல்லாமல் அந்த அணி திருச்சி வரைக்கும் போயிருக்காது. அவன் பாடிப் போனால் இரண்டு பேரையாவது தொட்டுவிட்டுத்தான் கோட்டுக்குத் திரும்புவான். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் கூட வந்த இரண்டு மூன்று பெற்றோர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, 'சார், எங்க பசங்களைக் காலனிப் பசங்களோட ஒரே பந்தியில உட்கார வைக்காதீங்க' என்றார்கள். முடியாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இடம் போதாது, இரண்டு பந்தியாக உட்காருங்கள் என்று விசில் ஊதினேன். உன்னை உள்ளே உட்கார வைத்தேன். அவனும் இன்னும் மூன்று பேரும் வராந்தாவில் காத்திருந்தார்கள். நீ சோறு விழுந்த இலையைத் தொடவே இல்லை. ரசம் ஓடி உன் டவுசரில் விழுந்தது, அதைக்கூடத் துடைக்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாய். அடம் பிடிக்காதே என்று நான் உன் தோளில் அடித்தேன்.

ஊருக்கு வந்ததும் முட்டி வலிக்கிறது என்று ஆட்டத்தை விட்டுவிட்டாய். உன்னை எலும்பு வைத்தியரிடம் கூட்டிப் போனேன், தைலம் வாங்கினேன். முட்டி வலி இல்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். முப்பது வருடமாக, என் பிள்ளைக்கு முட்டி சரியில்லை, இல்லாவிட்டால் ஸ்டேட் ஆடியிருப்பான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

உன் கூட்டாளி இப்போது லைன்மேன். ரோட்டில் பார்த்தால் வண்டியை நிறுத்தி, 'சார், தம்பி எப்படி இருக்கான்' என்கிறான். இதுவரை அவனை வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போ என்று சொன்னதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன். வந்தான். அம்மா கறிக்குழம்பு வைத்தாள். நானும் அவனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். திருச்சியைப் பற்றி நான் வாயெடுத்தேன். 'அதெல்லாம் எதுக்கு சார்' என்று ரசத்தை ஊற்றிக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் ஜெர்ரி படுத்திருக்கும்போது ஜூலியஸ் பார்க்க வருவான். சொந்தக்காரர்களுக்கு மட்டும்தான் அனுமதி என்று நர்ஸ் தடுப்பாள். ஜெர்ரி படுத்தபடியே, ஜாடை தெரியவில்லையா, இவன் என் கூடப் பிறந்தவன் என்பான். அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டுக் கொல்லைப்புறம் போய் நின்றுவிட்டேன்.

அன்றைக்கு நீ ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டபோது நான் முதலில் மருமகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டிருக்க வேண்டும். சின்னக்குட்டி யார் ஜாடை என்று கேட்டிருந்தாலும் பரவாயில்லை. நான் கேட்டது ஜாடையை இல்லை. நீ பேசாமல் இருந்த அந்த அரை நிமிடம் எனக்குக் காதிலேயே இருக்கிறது. மருமகள் பக்கத்தில் இருந்தாளா? அவளுக்குத் தமிழ் புரியாது என்று நினைத்துக்கொள்கிறேன். புரிந்திருந்தால், நான் கேட்டதை மூடி மறைக்காதே. அவளிடம் நானே பேசுகிறேன், நீ பக்கத்தில் இருந்து இங்கிலீஷில் சொல்லு.

படத்தில் வருகிற அந்த டி.சி. வில்லியம்ஸ் பள்ளியின் பேரை 2021-ல் மாற்றிவிட்டார்கள் என்று நீதான் சொன்னாய். பேருக்கு உரிய அந்த வில்லியம்ஸ், கறுப்புப் பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாது என்று நின்ற அதிகாரியாமே. நீ சொன்னபோது நான் சரி சரி என்று சொல்லிவிட்டு இங்கே மழை பெய்த கதையைப் பேசினேன். இப்போது கேட்கிறேன். உன் மாமனார் 1971-ல் என்ன வகுப்பு படித்தார்? வர்ஜீனியாவில்தானே இருந்தார்? கல்யாணத்தில் கைகொடுத்ததோடு சரி, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. சம்பந்தி என்று வாயால் சொன்னதுமில்லை. சம்பந்தி அந்த டீமின் ஆட்டம் ஏதாவது பார்த்திருக்கிறாரா என்று விசாரித்துச் சொல்லு.

ஞாயிறு சாயங்காலம் ஆறரைக்கு, உங்களுக்குக் காலை ஒன்பது, போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சின்னக்குட்டியைக் காட்டு. தூங்கினால் எழுப்ப வேண்டாம், தூங்குகிறதையே பார்த்துக்கொள்கிறேன்.

ராத்திரியில் கார் எடுக்காதே.

அன்புடன்,
அப்பா