அந்நாளில் படிப்பு மலிவா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1930களில் கல்லூரிக் கட்டணம் மிகக் குறைவு என்றும், அன்றைய பெற்றோர் கொடுத்துவைத்தவர்கள் என்றும் வாசகர் ஒருவர் தங்கள் நாளிதழில் எழுதியிருந்தார். கட்டிய தொகையை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அந்தத் தொகையை ஒரு குடியானவர் எப்படித் திரட்டினார் என்பதையும் சேர்த்தல்லவா பார்க்க வேண்டும்?

வேதியியல் பேராசிரியராக ஓய்வுபெற்று மறைந்த என் தந்தையார், பண்ருட்டிப் பக்கத்தில் மல்லாட்டை (நிலக்கடலை) பயிரிட்ட குடும்பத்தில் பிறந்தவர். 1929-இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தத்தில், புதுச்சேரித் துறைமுகம் வழியாக பிரான்சுக்குச் சென்றுகொண்டிருந்த மல்லாட்டை விலை சரிந்தது. நெல்லும் ஏறத்தாழப் பாதி விலைக்கு வந்துவிட்டது. ஆனால் நிலவரியும் கல்லூரிக் கட்டணமும் ரொக்கமாக விதிக்கப்பட்டவை. விளைச்சலின் விலையோடு சேர்ந்து அவை இறங்கவில்லை. அதே கட்டணத்தைக் கட்ட முன்னைப்போல் இரு மடங்கு மூட்டைகளை வண்டியில் ஏற்ற வேண்டியிருந்ததாகத் தந்தையார் கூறுவார். 1931 செப்டம்பரில் பிரிட்டன், நாணய மதிப்பைத் தங்கத்தோடு பிணைத்திருந்த தங்க அளவுமுறையைக் கைவிட்டதும் தங்கத்தின் விலை ஏற, வரிக்கும் வட்டிக்கும் விற்கப்பட்ட வீட்டு நகைகள் உருக்கப்பட்டுக் கப்பலேறின. என் பாட்டியாரின் அட்டிகையும் அவற்றுள் ஒன்று.

இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரே ஆறுதல், 1929-இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியதுதான். சென்னையில் தங்கிப் படிக்கும் செலவு மிச்சமாயிற்று. தந்தையாரும் அங்கேதான் பயின்றார். ஆய்வுக்கூடத்தில் வெள்ளி நைட்ரேட்டைத் துளித்துளியாகத்தான் எடுக்க வேண்டுமாம். குளோரைடு சோதனையில் சோதனைக்குழாயின் அடியில் தங்கும், வெள்ளி அடங்கிய வெண்ணிற வீழ்படிவைக் கொட்டிவிடாமல் ஒரு பழுப்புப் புட்டியில் சேர்த்து வைப்பார்கள். பிறகு துத்தநாகத்தையும் நீர்த்த அமிலத்தையும் கொண்டு அதைச் சாம்பல்நிற வெள்ளித் தூளாக்கி, நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, மறுபடியும் வெள்ளி நைட்ரேட்டாகவே எடுத்துக்கொள்வார்கள். தாம் பேராசிரியரான பிறகும் அந்தப் புட்டியை அவர் விடவில்லை. மாணவர்கள் அவரைக் கருமி என்று அழைத்ததில் அவருக்கு வருத்தமும் இருந்ததில்லை.

அந்நாளைய கட்டண விவரங்களைத் தாங்கள் இனி வெளியிடும்போது, அதே ஆண்டின் நெல், மல்லாட்டை விலைகளையும் அருகிலேயே அச்சிட வேண்டுகிறேன். மாவட்டப் பழைய பதிவேடுகளில் அவற்றைத் தேடிப் பார்க்கலாம்; என்னைப் போன்ற ஓய்வூதியர்கள் சிலர் அந்த வேலைக்கு வரவும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.