டிஸ்கம்பாபுலேட்டட்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

புது வேலை, புது வீடு எல்லாம் எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு ஒரே ஆங்கில வார்த்தையில் பதில் போட்டிருந்தாய்: டிஸ்கம்பாபுலேட்டட் (discombobulated). உடனே அகராதியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஒரு வார்த்தை பிடித்துப்போனால் அதன் பூர்வீகம் வரை போய்ப் பார்க்காமல் அப்பாவுக்குத் தூக்கம் வராது என்பது உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டதில் கொஞ்சத்தை உனக்கும் எழுதுகிறேன்.

பொருள் சுலபம். தலைகால் புரியாமல், கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நிற்கிற நிலை. பெரிய ஆபத்து எதுவும் இல்லை, ஆனால் பழகிய வரிசை கலைந்து எல்லாம் இடம் மாறிக் கிடக்கிறது. நாம் 'திருதிருவென்று முழிக்கிறான்' என்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான். அதிலும் அர்த்தத்தில் பாதி சத்தத்திலேயே வந்துவிடுகிறது பார்.

பிறந்தது அமெரிக்காவில், 1830-களில். லத்தீன் மாதிரி ஒலிக்கிற வார்த்தைகளை விளையாட்டாக உண்டாக்கிப் புழங்குவதில் அந்தக் காலத்து அமெரிக்கர்களுக்கு ஒரு மோகமே இருந்திருக்கிறது. ஆரம்பத்தில் இதற்கு நிலையான உருவம்கூட இல்லை. டிஸ்கம்பாப்ரிகேட், டிஸ்கம்பாபரேட் என்று ஆளுக்கு ஒரு விதமாக எழுதினார்கள். இதன் உடன்பிறப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது அப்ஸ்குவாட்சுலேட். சொல்லாமல் கொள்ளாமல் கம்பி நீட்டுவது என்று அர்த்தம். ஹார்ன்ஸ்வாகிள் என்று இன்னொன்றும் ஏறக்குறைய அதே சமயத்தில் வந்திருக்கிறது. அது காதில் பூ சுற்றுவது.

நீளமான ஆங்கில வார்த்தை வந்தால் மிரளாதே, முன்னொட்டு எது, வேர் எது, விகுதி எது என்று பிரித்துப் பார் என்று நீ பள்ளியில் படிக்கும்போது சொல்லிக்கொண்டே இருப்பேன். இதையும் அப்படிப் பிரித்தேன். 'டிஸ்' லத்தீனிலிருந்து வந்த முன்னொட்டு. 'கம்' என்பதும் அப்படித்தான். கடைசியில் வரும் 'உலேட்' கூட லத்தீன் வினைச்சொற்களின் வால்தான். நடுவில் வேர் இருக்க வேண்டிய இடத்தில் 'பாப்' என்று வெறும் சத்தம்! டிஸ்கம்போஸ், டிஸ்கம்ஃபர்ட் போன்ற நிஜ வார்த்தைகளின் சாயலில் வேடிக்கைக்குச் செய்தது என்கின்றன அகராதிகள். பண்டிதரின் உடையை மாட்டிக்கொண்டு நடந்து வருகிற குழந்தை மாதிரி இருக்கிறது. சொல்லும்போது அழுத்தம் விழ வேண்டியதும் அந்த 'பாப்' மேல்தான். டிஸ்கம் என்று ஏறி, பாப் என்று குதித்து, யுலேட்டட் என்று இறங்க வேண்டும். எல்லா அசையையும் ஒரே மட்டத்தில் சொன்னால் உயிர் போய்விடும்.

இதை மிக அழகாகப் பயன்படுத்தியது அமெரிக்காவில் மில்வாக்கி விமான நிலையம் என்பேன். பாதுகாப்புச் சோதனை முடிந்ததும் ஓர் ஓரமாக நின்று, கழற்றிய ஷூவை மாட்டி, பெல்ட்டைக் கோத்து, லேப்டாப்பைப் பைக்குள் திணித்து, பாஸ்போர்ட் எங்கே என்று எல்லாப் பாக்கெட்டையும் தடவுவோம் இல்லையா? அந்த இடத்தில் 2008-இல் ஒரு பலகை மாட்டினார்கள்: ரீகம்பாபுலேஷன் ஏரியா. கலைந்து போனவர்கள் மறுபடி ஒன்று சேரும் இடம். அமெரிக்கன் டயலெக்ட் சொசைட்டி என்ற மொழி ஆய்வாளர் அமைப்பு அந்த ஆண்டின் படைப்பூக்கம் மிக்க சொல்லாக அதைத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பலகை யாரையும் கேலி செய்யவில்லை. உன் அவசரம் தெரிகிறது, நிதானமாகச் சரிசெய்துகொண்டு போ என்று சொல்கிறது. அதைப் படிக்கிறவருக்கு ஒரு கணமாவது எரிச்சல் இறங்கும்.

அப்புறம், நீ சரியாகவே எழுதியிருந்தாய், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். கலங்கி நிற்பது நீ என்றால் கடைசியில் 'டட்' வரும். உன்னைக் கலக்கிவிடுகிற விஷயத்துக்கு 'டிங்'. சலித்துப்போனவர் போர்டு (bored), சலிப்பூட்டுவது போரிங் (boring) என்கிற மாதிரிதான். முன்னால் 'எ லிட்டில்' சேர்த்தால் இன்னும் நன்றாக இருக்கும். இவ்வளவு பெரிய வார்த்தைக்கு முன்னால் அவ்வளவு சின்ன அளவு வருவதே ஓர் அழகு. ஆனால் அடிக்கடி எடுக்காதே. ஒரே பேச்சில் இரண்டாவது தடவை வந்தால் கேட்பவருக்கு வார்த்தைதான் தெரியும், நீ தெரிய மாட்டாய்.

யாரைப் பற்றிச் சொல்கிறோம் என்பதில்தான் மிகவும் கவனம் வேண்டும். உன்னைப் பற்றி நீயே சொன்னால் கேட்பவர் சிரித்துக்கொண்டே உனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போடுவார். அதையே நினைவு தடுமாறுகிற ஒரு முதியவரைப் பற்றியோ, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்து திணறுகிறவரைப் பற்றியோ சொன்னால் அது அவர்களைச் சின்னவர்களாக்கிவிடும். இழவு வீட்டில் இதற்கு இடமில்லை. ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டு எழுதும்போதும் வேண்டாம். செய்த தவறை வேடிக்கையாக்குகிறாய் என்றுதான் அவருக்குப் படும்.

இவ்வளவும் நான் எழுதியதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது, கண்ணம்மா. இந்த மாதிரி வார்த்தைகள் சின்னச் சின்ன அவஸ்தைகளுக்காக உண்டானவை. சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது, புது அலுவலகத்தில் எந்தக் கதவைத் திறப்பது என்று தெரியாமல் நிற்பது, அவ்வளவுதான் அவற்றால் தாங்க முடியும். உன் ஒற்றை வார்த்தைப் பதில் எந்த அளவு அவஸ்தையிலிருந்து வந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை. அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து சிரித்துக்கொண்டே எழுதியிருந்தால் எனக்குச் சந்தோஷம். அப்படி இல்லாமல் உள்ளே வேறு ஏதாவது இருந்து, எங்களைக் கவலைப்படுத்த வேண்டாம் என்று வேடிக்கையான வார்த்தையாகப் பார்த்து எடுத்துப் போட்டிருந்தால், அதை ஓரமாக வைத்துவிட்டு நேராகச் சொல். கஷ்டமாக இருக்கிறது அப்பா என்றால் போதும்.

ராத்திரி சரியாகத் தூங்குகிறாயா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? மனம் விட்டுப் பேச அங்கே ஒருவராவது கிடைத்திருக்கிறாரா? இந்த மூன்றுக்கும் பதில் வேண்டும். இந்தத் தடவை ஒரு வார்த்தை போதாது, நீளமாக எழுது.

அன்புடன்,
அப்பா