கூடப் போன மற்றப் படகுகளுக்கு நன்றி

அன்பு உடன்பிறப்புகளே,

குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், தூத்தூர் பக்கத்து மீனவ ஊர் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வீசியபோது எங்கள் ஆட்கள் பலர் ஊரில் இல்லை. தங்கல் தொழிலுக்குப் போகிறவர்கள் கரையை விட்டால் வாரக்கணக்கில் ஆழ்கடலில்தான் கிடப்பார்கள். எச்சரிக்கை வந்த நேரத்தில் அது எட்டாத தூரத்தில் இருந்தார்கள்.

இயேசு புயலை அடக்கிய கதை எல்லாருக்கும் தெரியும். அவர் தலையணை வைத்துத் தூங்குகிறார், சீடர்கள் அலறி எழுப்புகிறார்கள். அலறியவர்களில் சிலர் மீன்பிடித்தே வளர்ந்தவர்கள். தொழில் தெரிந்தவனுக்குத்தான் எப்போது பயப்பட வேண்டும் என்றும் தெரியும். அதனால் ‘மீனவனுக்குப் பயமே கிடையாது’ என்று யாராவது மேடையில் முழங்கினால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

அந்த இடத்தில் நற்செய்தி எழுதியவர்களில் மாற்கு மட்டும் ஒன்று சொல்கிறார் (4:36): வேறு படகுகளும் அவரோடு இருந்தன. அந்தப் படகுகளைப் பற்றி நான் ஒரு மறையுரையும் கேட்டதில்லை. அவற்றிலும் ஆட்கள் இருந்தார்கள், அவர்களும் அதே அலையில்தான் ஆடினார்கள். இந்த மடல் அப்படிப்பட்டவர்களுக்கு.

முதலில், கடல் சரியாக அடங்காதபோதே சொந்தப் படகில் தேடப் போன எங்கள் ஊர்க்காரர்களுக்கும், கேரளத்தின் பூந்துறை, விழிஞ்ஞம் சகோதரர்களுக்கும். கவிழ்ந்த வள்ளத்தின்மேல் தொற்றிக்கொண்டும், காலிப் பிளாஸ்டிக் கன்னாசைக் கட்டிப்பிடித்துக்கொண்டும் மிதந்தவர்களைத் தூக்கினீர்கள். உப்புத் தண்ணீரில் தோல் உரிந்து, பெயர் சொல்லக்கூட நாக்கு எழாமல் கிடந்தவருக்கு உங்களில் ஒருவர் எடுத்த எடுப்பில் தண்ணீர் கொடுக்கவில்லையாம். துணியை நனைத்து உதட்டில் வைத்து, அப்புறம் பாட்டில் மூடியில் சொட்டுச் சொட்டாக ஊற்றினாராம். பிழைத்தவர் இன்றும் அதைச் சொல்லிச் சொல்லி அழுகிறார்.

லட்சத்தீவு மக்களே, உங்கள் தென்னைகளும் அதே புயலில் சாய்ந்து கிடந்தன. இருந்தும் கரை சேர்ந்தவர்களுக்குச் சோறும் மாற்றுத்துணியும் தந்தீர்கள். மகாராஷ்டிராவின் தேவ்கட் துறைமுகத்தில் 68 படகுகளும் 952 பேரும் ஒதுங்கினார்கள். மராத்தி தெரியாதவர்களை அங்கே பத்திரமாகப் பார்த்துக்கொண்டவர்களுக்கும் நன்றி.

சாய்ந்த மின்கம்பங்களை நட வெளி மாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரியத் தொழிலாளர்களுக்கும்தான். உங்களுக்கு நாங்கள் மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகாய்த் துவையலும்தான் தர முடிந்தது. மீனவர் ஊரில் மீன் இல்லாத நாட்கள் அவை.

காணாமல் போனவர்களின் பெயர்களை வீடு வீடாகப் போய் எழுதிய இளைஞர்களை மறக்க முடியாது. அந்தப் பட்டியல் இல்லையென்றால் எங்களில் பலர் கணக்கிலேயே வந்திருக்க மாட்டார்கள். டிசம்பர் 7 அன்று குழித்துறையில் தண்டவாளத்தில் இறங்கி, “தேடுங்கள்” என்று கேட்ட தாய்மாரையும் அருள்தந்தையரையும் அப்படித்தான் நினைக்கிறேன். அழுதுகொண்டே கேட்டவர்கள் அவர்கள். உடலை அடையாளம் காண மரபணுச் சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பிய பெண்களின் தைரியத்துக்கு நன்றி சொல்ல எனக்குத் தகுதி போதாது.

திரும்பாதவர்களைக் கடவுள் ஏன் காப்பாற்றவில்லை என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். என்னிடம் பதில் இல்லை. ஆனால் திரும்பியவர்களைக் கரை சேர்த்த கைகள் யாருடையவை என்று கேட்டால் சொல்ல முடியும்.

நவம்பர் 30 நினைவுத் திருப்பலிக்கு வாருங்கள். முடிந்ததும் வீட்டுக்கும் வாருங்கள், இந்த முறை மீன்கறி உண்டு.

கிறிஸ்துவில் அன்புடன்,
பங்கின் மறைக்கல்வி ஆசிரியர்