நெட்டையும் குட்டையுமா நண்பர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இணைப்பில் தொடங்கியிருக்கும் தொடர்கதையில் இரண்டு நண்பர்கள் வருகிறார்கள். ஒருவன் நெட்டை, சிவப்பு, வாயாடி. மற்றவன் குட்டை, கறுப்பு, ஊமைக்கொட்டான். எல்லாம் ஒரே பத்தியில், ஒரே வரிசையில், தரகர் கொடுத்த ஜாதகக் குறிப்பு மாதிரி. அடுத்த ஞாயிறு வருவதற்குள் யார் நெட்டை என்பதே மறந்துபோகும். போதாக்குறைக்குப் பெயர்கள் வில்சன், வின்சென்ட். இருவரும் வாய்க்கு வாய் 'மக்கா' என்கிறார்கள். வசனத்தை வைத்தும் ஆளைப் பிரிக்க முடியவில்லை.

கதை நடப்பது குலசேகரம் ரப்பர் தோட்டத்தில். கையிலேயே வெண்ணெய் இருக்கிறது. அடுத்தடுத்த வரிசையில் பால் வெட்டும் இருவரைக் காட்டலாமே. ஒருவன் முந்தைய வெட்டில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்து, பால் சொட்டும் சிரட்டையைத் துடைத்து வைத்த பிறகுதான் கத்தியை எடுப்பான். பட்டை மெலிசாகச் சீவி விழும். மற்றவன் கூடுதல் பால் கிடைக்குமென்று அழுத்தி வெட்டுவான். கத்தி பட்டைக்கு உள்ளே இருக்கும் தடியைத் தொட்டுவிடும். காயம்பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அந்த முடிச்சைக் காட்டினால் போதும், 'அவசரக்காரன்' என்று எழுத வேண்டியதே இல்லை. அதே ஆள், திடீர் மழையில் தன் சிரட்டைகளை அப்படியே விட்டுவிட்டு, நண்பனின் பால் தண்ணீரோடு வழிந்து போகாமலிருக்க வாளியோடு ஓடினால் இவர்கள் ஏன் நண்பர்கள் என்பதும் விளங்கிவிடும். வேற்றுமையை மட்டும் அடுக்குகிறவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

இருவரையும் ஒரே மூச்சில் அறிமுகப்படுத்த வேண்டிய கட்டாயமும் கிடையாது. செர்வாந்தேஸ் எழுதி 1605இல் வெளிவந்த ஸ்பானிய நாவல் 'டான் குயிக்ஸாட்'டின் முதல் பாகத்தில் ஒல்லி நாயகன் முதல் அத்தியாயத்திலேயே வந்துவிடுகிறான். அவன் கூட்டாளி சாஞ்சோ பான்சா தலைகாட்டுவது ஏழாவதில்தான். அப்போதும் அவன் ஏழை உழவன், நல்லவன், மூளை கொஞ்சம் மட்டு என்பதோடு சரி. தொப்பையும் குட்டை உடம்பும் தெரியவருவது ஒன்பதாவதில், அதுவும் ஒரு பழைய கையெழுத்துப் பிரதியில் இருக்கும் படம் வழியாக! ஓவியர்கள்தான் இருவரையும் எப்போதும் ஜோடியாக நிறுத்துகிறார்கள். செர்வாந்தேஸ் அப்படித் தரவில்லை.

உடம்பைப் பற்றிப் பேசவே கூடாது என்பதல்ல. புறநானூறு 191ஆம் பாட்டில் பிசிராந்தையார் தம்மைப் பற்றித் தரும் ஒரே உடல் அடையாளம், வயதாகியும் நரைக்காத தலை. மற்றதெல்லாம் அதற்கான காரணம்: மனைவி மக்கள், ஏவலர், வேந்தன், ஊர்ச் சான்றோர். ஓர் அடையாளத்திலிருந்து மனிதரும் தெரிகிறார், அவர் ஊரும் தெரிகிறது.

வாரத்தொடர் என்பதால் ஒவ்வொரு வாரமும் ஆளுக்கு ஓர் அடையாளத்தை நினைவூட்டத்தான் வேண்டும். அதை அடைமொழியாக ஒட்டாமல் கைவேலையில் காட்டச் சொல்லுங்கள். இன்னொன்று: உங்கள் ஓவியர் முதல் வாரப் படத்தில் இருவரையும் ஒரே உயரத்தில் வரைந்திருக்கிறார்.

ஒரு வாசகர்,
திருவட்டாறு, கன்னியாகுமரி மாவட்டம்