திட்டுறதுக்கு முன்னாடி கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். நான் பாம்பன் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில 3ஆம் வகுப்பு எடுக்குறேன். ஒரு பையன் ரெண்டு வாரமா பக்கத்துல இருக்கிறவன கிள்றது பென்சில ஒடிக்கிறதுன்னு இருந்தான், எல்லார் முன்னாடியும் திட்டிப் பாத்தேன், இன்னும் மோசமாத்தான் போச்சு. அப்புறம் இன்டர்வெல்ல தனியா உக்கார வச்சு "ஏன்டா பண்ணுன"ன்னு கேக்காம "என்னய்யா ஆச்சு"ன்னு கேட்டேன், ரொம்ப நேரம் பேசல, அப்புறம் சொல்றான் அப்பா போன படக இலங்கை நேவி புடிச்சிருச்சு டீச்சர், அம்மா தூங்குறதே இல்லன்னு. எனக்கு நெஞ்சே அடைச்சுப் போச்சு.

2009 கல்வி உரிமைச் சட்டம் 17ஆவது பிரிவுல அடிக்கக் கூடாது, மனசு நோகப் பண்ணக் கூடாதுன்னு இருக்கு, சரி, அதுக்குப் பதிலா எப்படிப் பேசணும்னு எனக்கு யாரும் சொல்லித் தரல. "ஓடாத"ன்னு கத்துறத விட "மெதுவா நட"ன்னா சின்னப் பிள்ளைக்குப் புரியுது, "கெட்ட பையன்"னு சொல்லாம "அவனுக்கு வலிச்சிருக்கு, இப்ப என்ன பண்ணலாம்"னா அவனே போய் சாரி கேக்குறான். 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துல வீட்ல காசு இல்லாம நடக்குற சண்டையும் வகுப்புக்குள்ள வருது சார். எங்க கடலோரப் பள்ளிகளுக்கு இந்தப் பேச்சுப் பயிற்சிய கல்வித்துறை உடனே வைக்கணும்.

- ஒரு ஆசிரியை, பாம்பன்