மாணவர் நலக்குழுவுக்குத் தோள்கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

கல்வியாண்டு முடிந்துவிட்டது. மாணவர் நலக்குழுவின் ஒருங்கிணைப்பாளர் என்ற முறையில் ஆண்டறிக்கையை எழுதிக் கொடுத்துவிட்டேன். அறிக்கையில் கருத்தரங்குகளுக்கும் சிறப்புரைகளுக்கும் இடம் உண்டு. உண்மையில் வேலை செய்தவர்களில் பலருக்கு இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்த மடல்.

முதல் நன்றி, தேர்வுப் பிரிவின் எழுத்தருக்கு. தேர்ச்சி பெறாதவர்களுக்கு அனுப்பும் கடிதத்தில் பாட எண், மதிப்பெண், விதி எண், கையொப்பம் ஆகியவற்றைத் தவிர வேறொன்றும் இருந்ததில்லை. அதைத் திருத்துமாறு உங்களிடம் யாரும் சொல்லவில்லை. நீங்களாகவே நான்கு வரிகளைச் சேர்த்தீர்கள்: மறுதேர்வு எப்போது, விண்ணப்பம் எந்த அறையில் கிடைக்கும், எந்த ஆசிரியரை எந்த நேரத்தில் பார்க்கலாம், மனம் சோர்ந்திருந்தால் யாரிடம் பேசலாம். முன்பெல்லாம் அந்தக் கடிதம் வந்தால் மாணவர்கள் யார் கண்ணிலும் படாமல் ஒதுங்கிவிடுவார்கள். இந்த ஆண்டு, மடித்த கடிதமும் கையுமாக உங்கள் சன்னலருகே வந்து, "இந்த அறை எந்தப் பக்கம்?" என்று கேட்டவர்களைப் பார்த்தேன். எந்தச் சிறப்புரையும் இதைச் சாதித்ததில்லை.

எங்கள் மனநல ஆலோசகருக்கும் கடன்பட்டிருக்கிறேன். மன உறுதிப் பயிற்சி முகாம் ஒன்றை நடத்தித் தருமாறு மேலிடம் வற்புறுத்தியபோது, "முதலில் எல்லாத் துறைகளின் ஒப்படைப்புத் தேதிகளையும் கொடுங்கள்" என்றார். வாங்கி ஒரே தாளில் எழுதிப் பார்த்தால், ஒரே திங்கட்கிழமையில் மூன்று கட்டுரைகளும் ஓர் ஆய்வக அறிக்கையும் வந்து நின்றன. அப்படியொரு வாரத்தில் தூக்கம் கெடுவதற்கு மாணவரின் மனத்திண்மை என்ன செய்யும்? தேதிகளைத் தள்ளிவைக்க ஒப்புக்கொண்ட துறைத்தலைவர்களுக்கு நன்றி. (முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டவர்களுக்கும்தான்.)

மனநலக் கோளாறுகளில் ஏறக்குறைய முக்கால் பங்கு 24 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன என்று 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று கண்டது. நம்மிடம் படிக்க வருவோரில் பெரும்பாலோர் அந்த வயதில்தான் இருக்கிறார்கள். அதனால் முதலில் கவனிக்கக்கூடியவர்கள் பக்கத்து இருக்கையில் இருப்பவர்களே. பயிற்சி பெற்ற மூத்த மாணவர்களே, மிகக் கடினமான கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொண்டீர்கள். "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடாது என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பதில் கிடைத்ததும், இரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்காமல், நண்பரைத் தனியே விடாமல், ஆலோசகரின் அறைவரை உடன் நடந்து வந்தீர்கள். எத்தனை பேருக்காக என்று இங்கே எழுதப்போவதில்லை.

விடுதிக் காப்பாளருக்கும், நூலகத்தின் இரவுப் பணியாளர்களுக்கும் நன்றி சொல்லும்போது அமெரிக்க உளவியலாளர் எம்மி வெர்னர் நினைவுக்கு வருகிறார். ஹவாயின் காவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை அவரும் சகாக்களும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமையும் குடும்பச் சிக்கல்களும் சூழ வளர்ந்தவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் திறமையும் பரிவும் உள்ளவர்களாக உருவானார்கள். அவர்களுக்குத் துணை நின்றவற்றுள் ஒன்று, அக்கறை காட்டிய ஒரு பெரியவராவது வாழ்வில் இருந்தது. அந்தப் பெரியவர் பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நான்கு நாட்களாகச் சாப்பாட்டுக் கூடத்துக்கு வராத மாணவியைத் தேடிப் போய்க் கதவைத் தட்டிய காப்பாளர் இந்த ஆய்வைப் படித்திருக்க மாட்டார். படித்த எங்களில் பலர் கதவைத் தட்டவில்லை.

நிதி ஒதுக்கிய நிர்வாகத்துக்கும் நன்றி. அடுத்த பருவத்துக்கான ஒப்படைப்புத் தேதிகளை வகுப்புகள் தொடங்கும் முன்பே அனுப்பிவிடுமாறு துறைத்தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தாள் தயாராக இருக்கிறது.

நன்றியுடன்,
ஒருங்கிணைப்பாளர்,
மாணவர் நலக்குழு